முள் அசையவில்லை

"ஒரே ஒரு நம்பரைத்தான் மாத்தினேன், எல்லாம் சரியாயிருச்சுங்ணா" என்று நண்பர் போனில் சொன்னார். நேரில் பார்த்துவிடலாம் என்று கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறி, கணபதியில் இறங்கினேன். லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே பத்து நிமிட நடை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைப் பட்டறை. நண்பரின் அப்பா ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்தவர். அவருடைய உளிகள் சுவரில் வரிசையாகத் தொங்க, அவற்றுக்குக் கீழே மேசையில் 3018 சிஎன்சி இருந்தது. 30 செ.மீ.க்கு 18 செ.மீ. பரப்புக்குள் வெட்டும் சின்ன மெஷின். தேக்கு வாசத்தோடு லேசாகக் கருகல் வாடையும் வந்தது.

50 மி.மீ. வட்டம் வெட்டச் சொன்னால் அகலவாக்கில் 49.7 வந்ததாம். அதனால், மெஷின் ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை படி சுற்ற வேண்டும் என்கிற எண்ணை 800-லிருந்து 804.83 ஆக்கியிருக்கிறார் நண்பர். அந்த 800 எங்கிருந்து வந்தது என்று தாளில் போட்டுப் பார்த்தோம். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் சிப் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கிறது, ஆக 3,200. ஒரு சுற்றில் லீட் ஸ்க்ரூ 4 மி.மீ. நகர்த்தும். வகுத்தால் 800. கணக்கில் பிசகே இல்லை. அப்படியானால் அதை ஏன் மாற்ற வேண்டும்?

புதிதாக வெட்டிய வட்டத்தை வெர்னியரில் பிடித்தேன், சரியாக 50. அப்பா அதை வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நேர் எதிர்ப்பக்கத்திலும் நின்றது. "இங்க தட்டையா இருக்கு கண்ணு" என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இருந்தது.

200 மி.மீ. நீளத்துக்கு ஒரு செவ்வகம் கீறச் சொன்னேன். ஸ்டீல் ஸ்கேலில் கிட்டத்தட்ட 201 காட்டியது. எண்ணில்தான் பிழை என்றால் திருத்திய பிறகு எந்த நீளமும் சரியாக வர வேண்டும். 50-இல் பொருந்தி 200-இல் தவறுகிறது என்றால், பிழை வேறெங்கோ இருக்கிறது.

டயல் கேஜை வைத்தோம். ஒரு கோடு 0.01 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் முன்னால் போனதும் முள் கூடவே வந்தது. நண்பர் 0.1 பின்னால் நகர்த்தினார். மோட்டார் திரும்பும் சத்தம் கேட்டது, முள் அசையவில்லை. இன்னொரு தட்டு, அசையவில்லை. மூன்றாவதற்கும் இல்லை. நான்காவது தட்டில்தான் நகர்ந்தது. திசை மாறும்போதெல்லாம் 0.3 மி.மீ. தொலைகிறது. அந்த நேரத்தில் கட்டர் அகலவாக்கில் நகராமல் நின்று விடுவதால்தான் வட்டம் இரண்டு பக்கமும் தட்டையாகிறது.

அப்பா ஸ்பிண்டிலைப் பிடித்து அசைத்தார். "நட்டுல ஆட்டம்" என்றார், லீட் ஸ்க்ரூவில் ஓடும் நட்டைச் சொல்லி. மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் இந்த ஆட்டத்தை ஈடுகட்ட வழி இல்லை. கையால்தான் சரிசெய்ய வேண்டும். 180 ரூபாய்க்கு வாங்கிய ஸ்பிரிங் வைத்த பித்தளை இரட்டை நட் ஒன்று டிராயரிலேயே கிடந்தது. அதைப் பூட்ட முக்கால் மணி நேரம் ஆனது. எண் மறுபடி 800-க்குத் திரும்பியது. இப்போது முதல் தட்டிலேயே முள் நகர்ந்தது.

கருகல் வாடைக்கும் காரணம் தெரிந்தது. கட்டரின் கீழே விழுந்தது மாவுத்தூள். இரண்டு பல் கட்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்ற, நகர்வு 300 மி.மீ.தான். ஒரு பல்லுக்கு 0.015 மி.மீ.; அது மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது. நண்பர் ஆழத்தை 0.5 மி.மீ. ஆக வைத்து, நகர்வை 600 ஆக்கினார். கீச்சிடல் அடங்கியது. விரலில் எடுத்தால் நெருடும் சீவல் விழுந்தது. வாடையும் போய்விட்டது.

மறுபடி ஒரு வட்டம் வெட்டினோம். வெர்னியரை நான் எடுப்பதற்குள் அப்பா அதைக் கையில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் விளிம்போடு போனது. ஒரு முழுச் சுற்று, எங்கும் நிற்கவில்லை.