டிரைவருக்கு ஒரு திருப்புளி

டிரைவர் என்றால் எங்கள் ஊரில் மினி பஸ் ஓட்டுகிறவர். தை மாதம் என்றால் அறுவடை மிஷினோடு ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்து இறங்குகிறவர். நான் சொல்லப்போவது இவர்களை இல்லை. கோல்ஃபில் முதல் அடி அடிக்கிற நீளமான, தலை பெருத்த மட்டைக்கும் டிரைவர் என்றுதான் பெயர்.

தஞ்சாவூரில் பி.காம். படிக்கிறவனுக்கும் கோல்ஃபுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் பெரியப்பா மகன் சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டுகிறான். ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்துக்கு வைத்த நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. அங்கே மட்டைகளை ஆளுக்கேற்ப சரிசெய்து தரும் பட்டறையில் ஒரு இடம் காலியாம். லீவு முடிந்து வந்ததும் ஒரு வாடிக்கையாளரைக் கொடுத்துப் பார்ப்போம், தேறினால் உள்ளே வா, இல்லையென்றால் வண்டியே ஓட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே என்றால் ஏசி, கூடுதல் சம்பளம். யாரோ கழித்துவிட்ட டிரைவர் ஒன்று, அதன் சாவி, இருபத்துநாலு பழைய பந்துகளோடு ஏப்ரல் கடைசியில் வந்து இறங்கினான் அண்ணன்.

இந்த மட்டையின் விசேஷமே அந்தச் சாவிதான். முன்பெல்லாம் மட்டை எப்படி வந்ததோ அப்படியேதான் ஆட வேண்டும். 2004-ல் டெய்லர்மேட் கம்பெனி ஆர்7 குவாட் என்ற மாடலில் கழற்றி மாற்றும் நான்கு எடைத் திருகுகளை வைத்தது. 2008 ஜனவரி 1 முதல் எடையைத் தவிர மற்றதையும் மாற்றும்படி செய்யலாம் என்று விதி தளர்ந்தது. அடுத்த வருடமே தலையைக் கழற்றி வேறு கோணத்தில் மாட்டுகிற டிரைவர்கள் கடைக்கு வந்துவிட்டன. இன்றைக்குப் பெரிய கம்பெனிகளின் புது மாடல்கள் அரை லட்சத்தைத் தொடுகின்றன. (எங்களுடையது பழசு. தேய்மானம் போட்டால் புத்தக மதிப்பு அநேகமாக பூஜ்யம்!)

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தண்டு தலைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னக் குழல், அதை ஸ்லீவ் என்கிறார்கள். அதன் துளையை நேராகப் போடாமல் மிக லேசாகச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். குழலைத் திருப்பி மாட்டினால் தலை சாயும் பக்கம் மாறும். லாஃப்ட், அதாவது பந்தை மேலே தூக்குகிற கோணம், அதைக் கூட்டினால் மட்டையின் முகமும் கொஞ்சம் இடப்பக்கம் மூடிக்கொள்ளும். குறைத்தால் வலப்பக்கம் திறக்கும். ஒன்றை மட்டும் தனியாக மாற்ற முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை என்பான் அண்ணன். எடை வேறு கணக்கு. தண்டை ஒட்டிய குதிகால் பக்கம் எடையைத் தள்ளினால் தலை சீக்கிரம் திரும்பி, பந்து இடப்பக்கம் வளையப் பார்க்கும். பின்னால் தள்ளினால் தப்பாகப் பட்ட அடியையும் மட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

மைதானத்துக்கு எங்கே போவது? உளுந்து எடுத்தபின் வயல் சும்மாதானே கிடக்கிறது! தெற்கு வரப்பில் நின்று வடக்கே அடித்தால் ஐந்தாறு வயல் தாண்டியும் ஒரு மனுஷன் இல்லை. சிக்கல் இரண்டு. வெடித்துக் கிடக்கிற களிமண்ணில் பந்து பாளத்துக்குள் போய்விட்டால் குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, கிழக்கே பக்கத்து வயல் சித்தப்பாவின் கோடைப் பருத்தி. அண்ணன் அடிக்கிற பந்து நேராகக் கிளம்பி, பாதியில் மனசு மாறி வலப்பக்கம் வளைந்து அந்தப் பருத்திக்குள்தான் விழும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். முதல் நாள் இருபத்துநாலில் பதினேழு பருத்தியில்.

"என்னப்பா, எம் பருத்தியில என்னத்தத் தேடுறீங்க?" என்று சித்தப்பா கேட்க, "முட்ட போட்டுருக்கு சித்தப்பா, அதான்" என்றான் அண்ணன்.

கணக்கு நோட்டோடு நான் நுழைந்தது இங்கேதான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் வேரியன்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. செலவு கூடியது விலை ஏறியதாலா, பொருள் அதிகம் செலவானதாலா என்று ஒன்றை நிறுத்தி வைத்து மற்றதைப் பார்ப்பது. அண்ணனோ ஒரே நாளில் மூன்று திருகையும் திருப்புகிற ஆள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான், காலை ஆறு மணிக்கு மட்டும்தான் என்று முடிவு செய்தோம். சாயங்காலம் கிழக்கேயிருந்து கடல்காற்று வந்து பந்தை மேற்கே தள்ளும். ஸ்லைஸ் குறைந்தது போலத் தெரியும், கணக்கு பொய்யாகும்.

எடையைக் குதிகால் பக்கம் தள்ளியதில் பதினேழு பதினைந்தானது, அவ்வளவுதான். எடையை நடுவுக்குக் கொண்டுவந்து, குழலைத் திருப்பி லாஃப்டைக் கூட்டினோம். பதினொன்று. இரண்டையும் சேர்த்தபோது ஒன்பது. ஆனால் பந்து வானத்துக்குப் போய் பொத்தென்று விழுந்தது, இரண்டு இடப்பக்கம் வாய்க்காலுக்கே போய்விட்டன. ஒரு டிகிரி திருப்பினால் இருநூறு மீட்டரில் மூன்றரை மீட்டர் விலகும், டான் டேபிள் பார்த்தால் தெரியும். எங்கள் பந்தோ முப்பது மீட்டர் விலகிக்கொண்டிருந்தது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கிற நேரம் வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் முகம் ஒரு பக்கமும் வீச்சு ஒரு பக்கமும் போனால் திருகு எவ்வளவுதான் செய்யும்?

ஐந்தாம் நாள் பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் புள்ளி வைத்து அடித்தோம். புள்ளி மட்டையின் முகத்தில் அச்சாக விழும். அச்சு எல்லாம் குதிகால் பக்கம். அங்கே பட்டால் பந்து தானாகவே வலப்பக்கம் வளைகிற சுழற்சி எடுக்கும். மட்டையின் பழைய சொந்தக்காரர் நெட்டை மனுஷனாக இருந்திருக்க வேண்டும், அண்ணனுக்கு அது நீளம். பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தான். ஐந்து! குழலைப் பழையபடி பாதி திருப்பிய பிறகும் ஐந்துதான், பந்து மட்டும் இன்னும் தூரம் போனது.

இதைக் கேட்டு அப்பா ஆச்சரியப்படவே இல்லை. மண்வெட்டி வாங்கினால் நேரே வயலுக்கா கொண்டு போகிறோம், பட்டறையில் கொடுத்து ஆளுக்குத் தக்க சாய்வு வைத்துத்தானே எடுத்து வருகிறோம் என்றார். குனிந்து அண்டை வெட்டுகிறவருக்கு ஒரு சாய்வு, நிமிர்ந்து மண் தள்ளுகிறவருக்கு ஒரு சாய்வு. கொல்லர் முதலில் ஆளை வெட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் இரும்பைக் காய்ச்சுவாராம். அண்ணன் அதை என் நோட்டை வாங்கி எழுதிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கிய பிறகு சாவியைத் தொடக் கூடாது என்பதும் விதி. நடுவில் அமைப்பை மாற்றி ஒரு அடி அடித்தாலே போட்டியிலிருந்து வெளியே. சரிசெய்வதெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். (செமஸ்டர் மாதிரி.) கண்ட சாவியையும் போட்டு முறுக்கவும் கூடாது. கூட வந்த சாவி போதுமான இறுக்கம் வந்ததும் டக் என்று சத்தம் போடும், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானத்தைப் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் 2009-ல் இந்தியன் ஓபன் ஜெயித்த சி. முனியப்பா, பெங்களூரில் அடுத்தவர் மட்டைப்பையைத் தூக்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-ல் ஒரே ஒரு அடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட அதிதி அசோக், டிரைவரில் பலரையும்விடக் குறைந்த தூரம்தான் அடிப்பார். அவரை அத்தனை தூரம் கொண்டுவந்தது புட்டிங். எனக்கு இதுதான் பிடித்த விஷயம். திருகு திருப்பிப் பத்து மீட்டர் கூட்ட அரை லட்சம் கொடுக்கிற ஆட்டத்தில், கடைசிக் கணக்கு ஆறடி தூரத்துப் பந்தில் முடிகிறது.

ஜூன் முதல் வாரம் அண்ணன் கிளம்பிவிட்டான். பரீட்சைக்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு இடக்கை அம்மா. வலக்கைக்காரருக்குப் போட்ட அட்டவணை அவருக்கு உதவாது, எல்லாம் தலைகீழ். அண்ணன் சாவியைக் கையில் எடுக்காமல், முதலில் மார்க்கர் கேட்டிருக்கிறான். பத்து பந்து அடிக்கச் சொல்லி அச்சைப் பார்த்துவிட்டு, பிறகு ஒரே ஒரு திருகு. மூன்று மாதம் பட்டறையில் இருந்து பார் என்று சொல்லியிருக்கிறார்களாம். சம்பளம் அதற்குப் பிறகுதான் பேசுவார்களாம், ஆகவே நகை இப்போதைக்கு பேங்கிலேயே.

எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து குறுவைக்குச் சேறடித்தபோது டிராக்டர் சக்கரத்தில் மூன்று பந்து கிடைத்தது. நோட்டுப்படி இன்னும் நாலு வர வேண்டும்.