பனிக்குடம் தந்த பரிவு

திருவரங்கத்து வடக்குச் சித்திரை வீதியில் வாழ்ந்த என் தமிழாசிரியர், ஓய்வு பெற்ற பின்னும் நூலும் கையுமாகவே இருந்தவர். ஞாயிறுதோறும் நகரப் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடந்து சென்று அவரிடம் பாடங் கேட்பது என் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, அவர் இருட்டறையில் வலக்கண்ணைத் துணியால் பொத்தியவாறு படுத்திருந்தார். முன்பு வேற்றூரில் புரை நீக்கிக்கொண்ட கண் அது. “கண்ணுக்குள் மணலைக் கொட்டி அரைப்பதுபோல் இருக்கிறது, தம்பி” என்றார். அன்று பாடம் நடைபெறவில்லை.

மறுநாள் திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமாகிய கார்னியாவின் உட்புறத்தே ஒற்றை அடுக்காகச் சில உயிரணுக்கள் உள்ளன. படலத்தில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது அவற்றின் பணி. அவை அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. நீர் தேங்கிப் படலம் வீங்கும். மேற்பரப்பிற் கொப்புளங்கள் தோன்றி உடையும். நரம்பு முனைகள் வெளிப்பட்டுப் பொறுத்தற்கரிய வலி எழும்.

கண்தானமாகப் பெற்ற கார்னியாவைப் பொருத்தினால் பார்வையும் மீளும். ஆனால் ஆசிரியரின் பார்வை நரம்பு கண்ணழுத்த நோயால் முன்னரே பட்டுப்போயிருந்தது. ஆதலின், “பனிக்குடச் சவ்வைப் பொருத்தி வலியை ஆற்றலாம், பார்வை வாராது” என்றார் மருத்துவர். பின்பகுதியை ஆசிரியரிடம் கூற என் நா எழவில்லை. “நலமாகிவிடும், ஐயா” என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளையைக் கருவறையில் நீரோடு பொதிந்து காக்கும் பையே பனிக்குடம். அதன் உட்சவ்வு மிக மெல்லியது, குருதிக் குழாய் அற்றது, அழற்சியைத் தணிப்பது, புதிய மேல்தோல் படர்ந்து வளரத் தளமாவது. 1940இல் டி ராத் என்னும் மருத்துவர் கருப்பைச் சவ்வுகளைக் கண் அறுவையிற் பயன்படுத்தினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அம்முறை, 1995இல் கிம், செங் ஆகிய இருவரின் ஆய்வுக்குப் பின் உலகெங்கும் பரவிற்று. அறுவை வழி மகப்பேறு காணும் தாயரின் இசைவு பெற்று, குருதியைச் சோதித்து, அச்சவ்வைத் தூய்மை செய்து உறைகுளிரிற் காக்கின்றனர். நஞ்சுக்கொடியோடு மண்ணில் புதைத்துவந்த ஒன்று மருந்தாயிற்று.

அறுவை முடிந்த சில நாள்களில் வலி தணிந்தது. அடுத்து வந்த ஞாயிறன்று ஆசிரியர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நெஞ்சு உறுத்த, நான் மறைத்ததைச் சொன்னேன். அவர் நகைத்தார்.

“இசைவுப் படிவத்தைச் செவிலியைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிட்டேன். ஒளி வாராதென்று அறிவேன். உறக்கம் வந்ததே, அது போதும். ஆனால் தமிழ் கற்றவன் சொல்லை ஒளிக்கலாகாது, தம்பி.”

நான் தலை குனிந்தேன். சற்று நேரத்திற்குப் பின் அவர் கேட்டார்: “அந்தப் பிள்ளை இப்போது நடை பழகியிருக்கும், அல்லவா?”

பெயரறியாத அத்தாயையும் சேயையும் வாழ்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார்.