வந்தவருக்கு வரவேற்பு, சென்றவருக்கு?

மாட்டுத்தாவணி என்றதும் இன்று எவர் நினைவுக்கும் வருவது பேருந்து நிலையம். பெயரோ பழைய மாட்டுச் சந்தையைச் சொல்கிறது. மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்பவரும் வாங்குபவரும் அறிவர். கயிற்றில் நிற்கும் மாடு அறியாது. ஒரு கிரிக்கெட் செய்தியைக் கேட்டபோது இந்தக் காட்சி என் மனக்கண்ணில் தோன்றியது.

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. காலை மக்தப் முடித்து வீடு திரும்பிய என்னிடம் என் மகன் ஓடி வந்தான். "அத்தா! சஞ்சு சாம்சன் நம்ம சென்னைக்கு வந்துட்டார்!"

எனக்கும் உள்ளூர மகிழ்ச்சியே. ஓதிக்கொடுப்பவனுக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்போர் உண்டு. பி.ஏ. வரலாறு படித்த நாள்களில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. தொழுகை தவறாத வரையில் விட்டுவிட மனம் வரவில்லை. அவ்வாண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளில் கடைசி இடத்தைப் பெற்றிருந்தது. அத்தகைய நேரத்தில், 2022-இல் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியை இறுதியாட்டம் வரை நடத்திச் சென்ற தலைவர், சிறந்த மட்டையாளர், விக்கெட் காப்பாளர், அதிலும் பக்கத்துக் கேரளத்துக்காரர் வருகிறார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் செய்தியின் மறுபாதி உடனே தெரிந்தது. 18 கோடி ரூபாய் மதிப்பில் சாம்சன் வந்தார். அதற்கு ஈடாக ரவீந்திர ஜடேஜா 14 கோடி மதிப்பிலும், சாம் கரன் 2.4 கோடி மதிப்பிலும் ராஜஸ்தானுக்குச் சென்றனர்.

மகனின் முகம் வாடியது. சென்னைக்காக 12 பருவங்கள் ஆடியவர் ஜடேஜா. 2023 இறுதியாட்டம், மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய் நள்ளிரவையும் கடந்தது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவை. ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையை வென்று தந்தவர் அவர். அன்று எதிரணியான குஜராத்துக்கு 96 ரன் குவித்தவரோ நம் சென்னை இளைஞர் சாய் சுதர்சன். ஆயினும் எங்கள் வீடு சௌராஷ்டிரத்து ஜடேஜாவுக்காகவே ஆரவாரித்தது. பலகாலம் உடனிருந்து உழைத்தவரே நம்மவராகி விடுகிறார். அந்த வாரமே 8-ஆம் எண் பொறித்த மஞ்சள் பனியனுக்கு மகன் அடம்பிடித்ததும் அதனால்தான்.

"அவர்கிட்ட கேட்டாங்களா அத்தா?" என்றான்.

"வீரர் சம்மதம் இல்லாமல் இப்படி மாற்ற முடியாதப்பா. சரி என்று சொல்லியிருப்பார். 2008-இல் ராஜஸ்தான் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர்தானே! அது அவருக்குப் பழைய வீடு" என்று ஆறுதல் கூறினேன்.

சொல்லி முடிக்கும் முன்பே மற்றொரு 'சரி' என் செவியில் ஒலித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு மதரஸாவுக்குக் குரல்வளம் மிக்க இளம் ஆலிம் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கிராஅத்தைக் கேட்க வெளித் தெருக்களிலிருந்தும் மக்கள் வந்தனர். அவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்த பெரிய ஹஜ்ரத்திடம், "இனி ஓய்வெடுங்கள்" என்றனர். "சரி" என்றார் அவர். நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. புதியவர் வரும் மகிழ்ச்சி என் நாவைக் கட்டியிருந்தது. ஒரு தேநீர் விருந்துகூட இல்லை. மாட்டுத்தாவணியில் இராமநாதபுரம் பேருந்தில் அவரது தகரப்பெட்டியை ஏற்றிவிட்டவன், அவரிடம் ஓதிய சிறுவன் ஒருவன் மட்டுமே.

வாசக அன்பர்களே! புதியவரை அழைத்தது தவறென்று இன்றும் நான் கருதவில்லை. திறமைக்கு இடம் தரத்தான் வேண்டும். ஆனால் சம்மதம் பெறுவது வேறு, மனம் குளிர வழியனுப்புவது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாக நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மகனுடன் அதே பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். திண்ணையில் அமர்ந்திருந்த ஹஜ்ரத் என் ஸலாமுக்குப் பதில் கூறி, கைகளைப் பற்றிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடுவதற்குள் அவரே கேட்டார்: "அந்தத் தம்பி நல்லா ஓதுறாரா? பிள்ளைகள் தேறுதுகளா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஹஜ்ரத்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

மகன் இப்போது சாம்சனின் ரசிகன். 8-ஆம் எண் பனியன் அவனுக்குச் சிறியதாகிவிட்டது. ஆயினும் அதை எவருக்கும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.