நாலு மணிக்கூர் பயணம்

என் கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. 2019 ஜனவரியில், எட்டு மாதக் கைக்குழந்தையோடு முதல் தடவையாக அவரிடம் புறப்பட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து துபாய், வான்வழியில் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. விமானத்தில் நாலு மணி நேரம். வீட்டில் எல்லாரும் இந்த நாலையே பிடித்துக் கொண்டார்கள்.

"நாலு மணிக்கூர்தானே மக்களே, நாரோயிலுக்குப் போயிட்டு வாற நேரம். எதுக்கு இந்த வெப்ராளம்?" என்றார் மாமி.

நானும் நம்பினேன். பிளாஸ்க்கில் ஏத்தங்காய்ப்பொடிக் கஞ்சி, மாற்றுவதற்கு மூன்று துணி, ஒரு சட்டை. மீதியெல்லாம் பெரிய பெட்டியில். அதை விமான நிலையத்தில் வாங்கிக் கொண்டால், இறங்கும்வரை கண்ணில் காட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை!

பேச்சிப்பாறையிலிருந்து இரவு 11 மணிக்குக் காரில் கிளம்பினோம். குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று திருவனந்தபுரம் போய்ச் சேருவதற்குள் ஒரு துணி நனைந்தாயிற்று. விமானம் விடியற்காலை 4.30-க்கு. மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே இரண்டாவது துணியும் போயிற்று. ஆக, தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே ஐந்தரை மணி நேரம் ஓடிவிட்டது.

ஆறரை மணிக்குப் பசியில் அழுதான். பிளாஸ்க்கைத் திறந்தால் புளித்த வாடை. முந்தின இரவு பத்து மணிக்குக் காய்ச்சியது. வெதுவெதுப்பில் இருந்தால் கெடாமல் என்ன செய்யும்? நல்லவேளை, தாய்ப்பால் இருந்தது.

விமானம் இறங்கத் தொடங்கியதும் வீரிட்டான் பாருங்கள், எனக்குக் கை கால் ஓடவில்லை. வயிற்றுவலியோ, கஞ்சி வாயில் பட்டதாலோ என்று நடுங்கிப் போனேன். பக்கத்து ஸீட்டு அம்மா, "காது அடைக்குது பிள்ளே. பால் குடு, விழுங்கினா சரியாவும்" என்றார். அப்படியே ஆயிற்று. இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய், விழுங்கும்போது திறந்து அதைச் சமப்படுத்துமாம். குழந்தைகளுக்கு அது குறுகல். தரையைத் தொடுவதற்கு அரை மணி முன்பே இறக்கம் ஆரம்பித்துவிடும். தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள். சளி பிடித்திருந்தால், கிளம்புமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

துபாயில் கடிகாரம் 7.10 காட்டியது. நம் ஊரில் அப்போது 8.40. அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். குழந்தையின் வயிற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏது? ஷார்ஜா வீட்டுக்குள் நுழைந்தபோது நம் நேரப்படி பத்தே முக்கால். கடைசித் துணியும் ஈரம். நாலு மணிக்கூர் என்று கிளம்பியது, கிட்டத்தட்ட பன்னிரண்டு!

ஆகஸ்டில் திரும்பியபோது கைப்பையிலேயே எட்டுத் துணி, காய்ச்சாத பொடி, இரண்டு சட்டை, எனக்கும் ஒரு ரவிக்கை. கஞ்சிப்பொடியைக் கரைக்க, விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டதும் வெந்நீர் கொடுத்தார்.

இரவு 10 மணிக்கு ஏறி, விடியற்காலை 3.30-க்கு இறங்கினோம். வீட்டு வாசலில் பேரனை வாங்கிக் கொண்ட மாமி, விரல்விட்டு எண்ணினார்.

"போறப்ப ரெண்டே முக்கால், வாறப்ப அஞ்சரையா? வாற வழி மேடா மக்களே?"

அங்கே கழிக்கிற ஒன்றரையை இங்கே கூட்டிக் கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி நம்பவில்லை.