செருப்பைக் கழற்றச் சொன்னது யார்?

கம்ப்யூட்டர் அறைக்குள் போகுமுன் நாம் ஏன் செருப்பைக் கழற்றினோம் என்று கேட்டால், யோசிக்காமல் ஒரு பதில் வரும்: நாம் அதைச் சரஸ்வதியாகப் பார்த்தோம். ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கதையும் கூடவே வரும். எனக்கு இது எரிச்சல். சரஸ்வதி நிஜமாகவே குடியிருந்த எங்கள் பள்ளி நூலகத்துக்குள் எல்லோரும் செருப்போடுதான் போனோம். பக்கத்து அறையான லேப் வாசலில்தான் போர்டு தொங்கியது.

எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர் 1998இல் வந்தது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. 32 எம்பி ராம், 2.1 ஜிபி ஹார்ட் டிஸ்க். வீட்டுக்குள் எப்படியும் செருப்பு வராது என்பதால் அப்பா விதியை ஒரு படி ஏற்றினார்: காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். அம்மா பழைய திரைச்சீலையில் உறை தைத்தாள். "தூசி போனா அவ்வளவுதான்" என்பதற்கு மேல் அப்பாவிடம் விளக்கம் கிடையாது. பெட்டியின் பின்னாலிருந்த விசிறியோ காற்றை வெளியே தள்ளித் தள்ளி, மற்ற இடுக்குகள் வழியாகத் தெருப் புழுதியை நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நிஜமான கேடு வேறு வழியில் வந்தது. அத்தை பையன் சமர்த்தாகக் காலைக் கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துச் செருகினான். அதிலிருந்த வைரஸ் ஒரு வாரம் எங்களைப் படுத்தியது.

விதி எந்திரத்தோடு கூடவே வந்ததோ என்று முதலில் தேடினேன். இந்தியப் பள்ளிகளுக்கு மத்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்தவை பிபிசி மைக்ரோக்கள். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்தது. நினைவகம் 32 கேபி. பள்ளிக்கு வந்த பெட்டியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. கேசட்டிலிருந்தோ ஃப்ளாப்பியிலிருந்தோ ஏற்ற வேண்டும். ஃப்ளாப்பியின் உறைக்குள்ளேயே தூசி துடைக்க மெல்லிய துணி ஒட்டியிருக்கும். இங்கிலாந்துப் பள்ளிகளில் இதே எந்திரத்தைத் தள்ளுவண்டியில் வைத்து வகுப்பு வகுப்பாக உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஊர் மழையில் நனைந்த ஷூக்களோடுதான் பிள்ளைகள் அதைத் தட்டியிருப்பார்கள். ஆக, விதி அங்கிருந்து வரவில்லை.

நிலைமின்சாரம்தான் காரணம் என்றார் ஒரு நண்பர். நைலான் காலுறையோடு கம்பளத்தில் நடந்தால் மின்னேற்றம் கூடத்தான் செய்யும். அப்படியானால் ஷூவைக் கழற்றச் சொன்னது தலைகீழ் வைத்தியம்.

இந்த இடத்தில்தான் அப்பா ஒருவரிடம் அனுப்பினார். எழுபதுகளில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். இப்போது நங்கநல்லூரில் ஓய்வு. பெயரைப் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"செருப்பா? அதுல என்னம்மா இருக்கு. கார்டைப் பத்திக் கேளு."

கேட்டேன். துளை அட்டை. ஒன்றில் 80 பத்தி, ஒரு பெட்டியில் 2,000 அட்டை. ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்துக்கு அட்டை லேசாக உப்பும். உப்பினால் கார்டு ரீடரில் சிக்கிக் கிழியும். எந்திரத்தின் சூட்டுக்காகத்தான் ஏசி என்று நான் நினைத்திருந்தேன். "பாதி ஏசி காகிதத்துக்கும்மா" என்றார். அட்டைக் கட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் கோணலாக ஒரு கோடு போடுவோம் என்றும் சொன்னார். நான் மறுபடி செருப்புக்கு வந்தேன். அவர் கார்டு பஞ்ச் செய்த பெண்களின் வேகத்துக்குப் போனார். காபி வந்தது. செருப்பு என்றேன். வெரிஃபையர் எந்திரம் என்றார்.

டிஸ்க் என்ற சொல்லைத் தற்செயலாக உச்சரித்ததும்தான் மனிதர் நிமிர்ந்தார். அந்தக் கால டிஸ்க் பேக்கைக் கழற்றி மாட்டலாம். அடுக்கு டிபன் கேரியர் போலக் கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு போய் டிரைவில் இறக்குவார்கள். உள்ளே தகடுகள் சுழலும். படிக்கும் ஹெட் அவற்றைத் தொடாமல் ஒன்றிரண்டு மைக்ரான் உயரத்தில் மிதக்கும். தலைமுடியின் தடிமனே ஐம்பது மைக்ரானுக்கு மேல். ஒரு துகள் நடுவில் புகுந்தால் ஹெட் தகட்டில் மோதிக் கீறும்.

"கிரீச்னு ஒரு சத்தம்." அதைத் தொண்டையிலிருந்து எழுப்பியும் காட்டினார். அதைவிட மோசம் அடுத்து நடப்பது. பேக் கெட்டுவிட்டதா, டிரைவ் கெட்டுவிட்டதா என்று பார்க்க, விவரமறியாதவன் அதே பேக்கை அடுத்த டிரைவில் மாட்டுவான். கீறல் விழுந்த தகடு அந்த ஹெட்டையும் உடைக்கும். உடைந்த ஹெட் அடுத்து மாட்டும் நல்ல பேக்கைக் கீறும். ஒரு மண்துகள் இப்படி அறை முழுவதையும் சுற்றி வந்துவிடும்.

தூசி என்று அப்பா சொன்னது வெறும் பேச்சில்லை என்று ஆனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காலம் பொருந்தவில்லை. ஐபிஎம் 1973இலேயே 3340 மாடலில் தகட்டையும் ஹெட்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டது. 1980இல் ஷுகார்ட் டெக்னாலஜி கொண்டுவந்த 5 எம்பி ஹார்ட் டிஸ்க்கும் மூடிய பெட்டிதான். எங்கள் வீட்டு 2.1 ஜிபி அந்த வம்சம். அது காற்று வாங்கிய சிறு துளையிலும் வடிகட்டி உண்டு. தொண்ணூறுகளின் லேப்களில் கழற்றும் பேக்கே கிடையாது. விதி மட்டும் எப்படித் தங்கியது?

"நான்தான் போர்டு மாட்டினேன்" என்றார்.

எண்பதுகளின் கடைசியில் வேலையை விட்டு ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறார். ஃப்ளாப்பி போட்டு ஓட்டும் பிசிக்கள், தரையில் ஒட்டிய கம்பளம், ஏசி. முதல் நாளே வாசலில் போர்டு. அவரைப் போன்ற ஆபரேட்டர்கள் எத்தனை பேர் இப்படிப் போய்ப் பாடம் நடத்தினார்களோ, பழைய மெஷின் ரூம் வழக்கம் அத்தனை வாசலுக்கும் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

"அங்கே டிஸ்க் பேக்கே இல்லையே சார்?"

"இல்லைதான். மெஷின் ரூம்ல எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் ஷூவைக் கழட்டச் சொல்வேன். என் பேச்சைக் கேட்டுக் குனிஞ்சு லேஸ் அவிழ்ப்பார். அந்தப் பழக்கம் விடலை." சிரித்தார். "அப்புறம், ஏசி ரூம்னா சும்மா வந்து உட்கார்ந்துப்பாங்கம்மா. கழட்டச் சொன்னா பாதிப் பேர் வாசலோட போயிடுவான்."

அந்தப் பாதிப் பேர் காலுறையில் ஓட்டை இருந்தவர்களாக, புதுச் செருப்பைத் தெருவில் விட்டுவர பயந்தவர்களாக இருந்திருக்கலாமே என்றேன்.

"பென்சில் கோடு ஏன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார். "கட்டு கீழே விழுந்து சிதறினா, அந்தக் கோடு நேராகிற வரைக்கும் அடுக்கணும். அதை முதல்ல எழுதிக்கோ."