விழிஞ்ஞமும் பார்க்கின்சன் பயிற்சியும்: சில குறிப்புகள்

கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறார்கள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை. ஏலேலோ. குரல் ஓய்ந்தால் காலும் ஓய்கிறது.

இதே மாதிரி, பார்க்கின்சன் நோய்க்காரர்களுக்கு பிசியோதெரபியில் மெட்ரோனோம் வைப்பதுண்டு. டக். டக். சத்தத்துக்கு ஓர் அடி.

வாசலில் இவர்களுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில்தான் இந்தப் பாடு. மாடிப்படி சிலருக்குச் சுலபம்.

தரையில் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டினால் தாண்டிவிடுகிறார்கள்.

விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம், 1972. உடம்பெல்லாம் சிவப்பு வெள்ளைப் பட்டை. உள்ளே சுற்றுப்படி. ஏறுகிறவர்கள் ஏன் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள்?

2010இல் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு. நெதர்லாந்துக்காரர், வயது 58. நாலடி நடப்பதற்குள் உறைந்துவிடுகிறவர். சைக்கிளில் ஏற்றிவிட்டால் ஜோராக ஓட்டுகிறார். இறங்கியதும் பழைய கதை.

விழிஞ்ஞத்தில் எல்லாத் தெருவும் ஏற்ற இறக்கம். ஓடாத சைக்கிள்தான் சரிப்படும்.

மணலில் நடந்தால்? விழுந்தால் அடிபடாது. விழவைப்பதும் அதுதான்.

பலருக்கு மோப்பம் முதலில் போகும். நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே போகலாம். மீன் நாறும் துறையில் அதை யார் கண்டார்?

அமெரிக்காவின் ஓரிகன், 2012. 195 பார்க்கின்சன்காரர்கள். தாய் சி, வாரம் இரண்டு நாள், 24 வாரம். விழுவது குறைந்தது.

களரிப்பயிற்றில் ஆசான் வாய்த்தாரி, அதாவது வாய்க்கட்டளை, சொல்லச் சொல்ல உடம்பு போகிறது. பார்க்கின்சனுக்கு அதை யாராவது செய்து பார்த்தார்களா?

பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவுக்கும் மீன் குழம்புக்கும் ஆகாது. புரதம் வழிமறிக்கும். சோற்றுக்கு அரைமணி முன்னால் மாத்திரை. அது வேலை செய்கிற நேரம் பார்த்துப் பயிற்சி.

பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. காயின் சுணை பட்டால் சொறிந்தே சாகவேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவமனையில் அசைவுக் கோளாறுகளுக்கென்றே தனி மையம். போக, கிழக்கேகோட்டையில் பஸ் மாறணும். பஸ் படி உயரம். ஏறுமுன் கண்டக்டர் மணி அடித்துவிடுவார்.

விழிஞ்ஞம் குகைக் கோயில், 8ஆம் நூற்றாண்டு. வெளிச்சுவரில் பார்வதியோடு சிவன் ஆடுகிறார். செதுக்கி முடிக்கவில்லை. கால் எதுவென்று தேடவேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817. ஆறே பேரை வைத்து எழுதினார். அதிலும் சிலர் தெருவில் கண்டவர்கள். நடையைப் பார்த்தே எழுதியிருக்கிறார்!

கையெழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். குரலும். ஆகவே பயிற்சியில் எல்லாமே பெரிசு: கையைப் பெரிசாய் வீசு, காலைப் பெரிசாய் வை, சத்தமாய் எண்ணு. பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்படுகிறவர்கள் செய்வதில்லை.

திரும்பும்போதுதான் அதிகம் விழுவது. நின்ற இடத்தில் சுழலக்கூடாது. வள்ளம் திருப்புகிற மாதிரி அகல வட்டம் போடணும்.

குளியலறையில் அதுக்கு இடம் ஏது?