பீவரின் இல்லம்

பீவர் என்னும் விலங்கை நான் நேரில் கண்டவன் அல்லன். அது வட அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஆசியாவின் வடபகுதியிலும் வாழ்வது. நம் நாட்டு ஆறுகளில் இல்லாதது. சிலர் அதனை நீர்நாய் என்று மொழிபெயர்த்து விடுகின்றனர். அது பிழை. நீர்நாய் மீனைப் பிடித்துத் தின்பது. பீவரோ மரப்பட்டையும் தழையும் தின்று வாழ்வது. எலிக்கும் அணிலுக்கும் உறவான கொறிக்கும் விலங்கு.

இளமையில் அதனைப் பற்றிப் படித்தபோது, அது கட்டும் அணையே என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு மரங்களைப் பல்லால் அறுத்து வீழ்த்துகிறது. கிளையும் கல்லும் சேறும் கொண்டு ஓடையை மறித்துக் குளமாக்கி விடுகிறது! அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்புறத்தில் இரும்புச் சத்துக் கலந்திருத்தலால் அப்பகுதி செம்மஞ்சள் நிறமும் மிக்க உறுதியும் உடையது. பின்புறம் விரைவில் தேய, முன்புறம் உளி போலக் கூராகவே நிற்கும். பற்களுக்குப் பின்னால் உதடுகள் மூடிக்கொள்ளுதலால், நீருக்குள் மூழ்கியிருக்கும்போதும் வாயில் நீர் புகாமல் கிளையைக் கடிக்கவல்லது. அதன் தட்டை வால் சேறு பூசும் கரண்டி என்று பலர் எண்ணுவதுண்டு. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். சேற்றை அது முன்னங்கால்களால் அள்ளிக்கொண்டு வந்து அப்புகிறது. வால், நீந்தும்போது துணைபுரியும். நிமிர்ந்து நிற்கும்போது முட்டுக்கொடுக்கும். பகை வந்தால் நீர்ப்பரப்பில் ஓங்கி அறைந்து உறவினருக்கு எச்சரிக்கை தரும்.

அணை எதற்காக என்று வினவியபோதுதான் எனக்கு வேறொன்று புலப்பட்டது. அணையெல்லாம் வீட்டின் பொருட்டே. குளத்தின் நடுவிலோ கரையோரத்திலோ கிளைகளைக் குவித்துச் சேறு பூசிப் பீவர் தன் இல்லத்தை அமைக்கும். அதன் வாயில் நீருக்கடியில் இருக்கும். மூழ்கிச் சென்று மேலெழுந்தால் உலர்ந்த அறை. நீர் ஆழம் குறைந்தால் வாயில் வெளியே தெரியும். ஓநாயும் கரடியும் வழி அறிந்துகொள்ளும். குளிர்காலத்தில் குளம் உறைந்து, சுவர்ச் சேறும் கல்லைப்போல் இறுகிவிடும். அப்போது, இலையுதிர் காலத்தில் வெட்டி நீருக்கடியில் சேர்த்துவைத்த கிளைகளே உணவு. உச்சியில் சேறு பூசாது விட்ட இடைவெளி வழியே உள்ளிருப்போரின் மூச்சு ஆவியாய் எழும். வெளியே வெண்பனி, உள்ளே ஒரு குடும்பம்.

அக்குடும்பத்தில் தாயும் தந்தையும் நெடுங்காலம் இணைபிரியாது வாழ்வர். ஏறத்தாழ மூன்றரைத் திங்கள் கருவுற்றிருந்து, இளவேனிலிலோ கோடையின் தொடக்கத்திலோ தாய் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகளை ஈனும். அவை மயிரோடும் திறந்த கண்களோடும் முளைத்த பற்களோடும் பிறக்கும். விரைவிலேயே நீந்தும், ஆனால் மூழ்க வாராது. உடல் தக்கைபோல் மிதப்பதால், நீருக்கடியிலுள்ள வாயிலைத் தாமே கடக்க அவற்றால் இயலாது. ஆதலின் தாய் பால் ஊட்ட, தந்தையும் சென்ற ஆண்டில் பிறந்த மூத்த குட்டிகளும் தழை கொண்டுவந்து கொடுக்கும். இவ்வாறு மூன்று தலைமுறைபோல் தோன்றும் குடும்பம் உண்மையில் இரண்டு தலைமுறையே. ஏறத்தாழ இரண்டு வயது நிறைந்ததும் இளையவை வீட்டை விட்டுப் புறப்பட்டு, வேறு நீர்நிலையையும் துணையையும் தேடிச் செல்லும்.

இத்தகைய வீட்டில் வேனிற்காலத்தில் தாய் இறந்தால் என்ன ஆகும்? ஐரோப்பியர் பீவரின் அடிமயிர் கொண்டு தொப்பி செய்யத் தலைப்பட்ட நாள்முதல் இவ்வினாவை எழுப்பியோர் அரியர். வேட்டை பெருகி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாக எஞ்சிய பீவர்கள் ஏறத்தாழ 1,200 மட்டுமே.

கனடாவில் பொறிவைத்துப் பீவர் பிடித்துவந்த ஒருவர்க்கு அவ்வினா 1928-இல் நேரே எதிர்ப்பட்டது. கிரே அவுல் என்று தம்மை அழைத்துக்கொண்டவர் அவர். அவர் வைத்த பொறியில் தாய் மாண்டது. குட்டிகள் இரண்டு குழந்தைபோல் அழுதன. கொன்றுவிட எண்ணினார். உடனிருந்த மனைவி அனஹாரியோ, மோஹாக் இனத்தைச் சேர்ந்தவர், தடுத்துவிட்டார். குச்சி நுனியில் பாலைத் தோய்த்து ஊட்டி இருவரும் அவற்றை வளர்த்தனர். மெகின்னிஸ், மெகின்டி என்று பெயரிட்டனர். குட்டிகள் அவர்கள் படுக்கையிலேயே உறங்கின. கிரே அவுல் பீவர் வேட்டையைக் கைவிட்டார். குட்டிகளோ பின்னர் ஒருநாள் வெளியே சென்றவை மீளவில்லை. பல நாள் தேடியும் பயனில்லை.

அவர் சொன்னவை யாவும் மெய் அல்ல. தம்மைப் பழங்குடி வழியினர் என்று கூறிவந்தார். 1938-இல் அவர் இறந்த பிறகு, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் பிறந்த ஆர்ச்சிபால்ட் பெலானி என்பது வெளிப்பட்டது. அப்பொய்யை நான் நியாயம் என்று கூறமாட்டேன். பழங்குடியினர் பலர்க்கு அது வருத்தம் தந்தது. ஆயினும் பீவரைக் காக்க வேண்டுமென்று அவர் எழுதியதையும் பேசியதையும் உலகம் கேட்டது.

1931-இல் அவர் பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவுக்கு வந்து, அஜவான் ஏரிக்கரையில் மரவீடு ஒன்றில் குடியேறினார். ஜெல்லி ரோல், ராஹைட் என்னும் இரு பீவர்கள் அவருடன் வந்தன. அவை கிளையும் சேறும் கொணர்ந்து, அவ்வீட்டின் உள்ளேயே தம் இல்லத்தைக் கட்டிக்கொண்டன. மனிதர் கதவு வழியே வந்தனர்; பீவர்கள் ஏரியின் அடியிலிருந்து வந்தன. அம்மரவீடு இன்றும் நிற்கிறது. அருகே கிரே அவுலும் அனஹாரியோவும் அவர்கள் மகளும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.